நெட்டையனுக்கு என் மூக்கு

மார்ச் 4

அன்புள்ள மௌனச்சாமிக்கு,

உன் நாத்தனார் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். "அக்கா மூணாங்கிளாஸோட நின்னதுல பள்ளிக்கூடத்துக்கு நல்ல காலம் பொறந்துச்சு" என்று உன் வீட்டுக்காரன் சொல்வானே, அந்தக் கையெழுத்துதான். கோணல்மாணலாக இருந்தாலும் படித்துவிடு. கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. எங்கே இருக்கிறாய் என்றே தெரியாமல் இருந்தேன். போன வாரம் எதிர்வீட்டுத் தையல்காரி வெளியூர் போய்விட்டு வந்து, "உங்க தம்பி பொண்டாட்டிய ஆஸ்பத்திரியில பார்த்தேன்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன வியாதி, எந்த வார்டு என்று நான் பதறிய பிறகு, "வியாதியெல்லாம் இல்லக்கா, அங்க துணி வெளுக்கிற எடத்துல வேலை பார்க்குது" என்கிறாள். அதை முதலில் சொல்லியிருந்தால் என் ஆயுசில் அரை வருஷம் மிச்சமாகியிருக்கும். அவளிடம்தான் விலாசம் வாங்கினேன்.

எனக்கு அதே வேலைதான். கல்லறைத் தோட்டத்தின் கதவைக் காலையில் திறக்கிறேன், சருகு கூட்டுகிறேன், சாயங்காலம் பூட்டுகிறேன். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகப் போவதில்லை, வெளியே இருக்கிறவர்களுக்கு உள்ளே வர அவசரமில்லை, பிறகு எதற்குப் பூட்டு என்று அலுவலகத்தில் கேட்டேன். "அதைக் கேக்குறதுக்கா சம்பளம் குடுக்கிறோம்" என்றார் குமாஸ்தா. என் தம்பி, நம் நெட்டையன், ஏழாம் வரிசையில், மதிலோரம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் படுத்திருக்கிறான். தினமும் அவன் இடத்தைத்தான் முதலில் கூட்டுகிறேன். சிபாரிசு என்று மற்றவர்கள் குறை சொல்லவில்லை. ரொம்ப நல்லவர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். முன்னாள் ராணுவத்தார் சங்கமும் நகராட்சியும் சேர்ந்து, அவன் படுத்திருக்கும் இடத்தில் அவனுக்குக் கல்லில் சிலை வைக்கப் போகிறார்கள். எல்லையில் நடந்த அந்தச் சண்டையில் செத்த நம் ஊர்க்காரன் அவன் ஒருவன்தானாம். ஆகஸ்டில் திறப்பு. சங்கத் தலைவர் ஒருவர் இருக்கிறார், பெரிய மீசை. மீசை முதலில் வரும், அவர் பின்னால் வருவார். அவர்தான் முன்நின்று செய்கிறார்.

உன்னிடமிருந்து இரண்டு வேண்டும். ஒன்று, கையெழுத்து. பதிவேட்டில் அந்த இடம் மனைவி பேரில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு, அவன் படம். நீ போகும்போது எல்லாப் படத்தையும் எடுத்துக்கொண்டு போனாய். குறை சொல்லவில்லை. உன் புருஷன், உன் படம். என்னிடம் இருப்பது ஆறு வயசில் முன்பல் விழுந்து நிற்கிற படம் ஒன்று. அதைப் பார்த்துச் செதுக்கினால் எதிரி சிரித்தே சரணடைந்துவிடுவான்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் வாயாடி அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன்.

படம் தர முடியாது. கையெழுத்தும் போட முடியாது. தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். கடைசி நாள் காலையில் நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. இங்கே நாள் முழுக்க இயந்திரம் ஓடும். பக்கத்தில் நிற்பவள் பேசினால்கூட வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குள்ளும் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

அவர் படுத்திருக்கிறார். படுத்திருக்கட்டும். மறுபடியும் அவரை நிற்க வைக்காதீர்கள்.

இனிமேல் எழுத வேண்டாம்.

குழாய்ப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்குமா? இதற்குப் பதில் வேண்டாம்.


ஏப்ரல் 9

அன்புள்ள மௌனச்சாமிக்கு,

தேங்காது. போன வருஷமே மதிலோரமாக வாய்க்கால் வெட்டிவிட்டேன். பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, தகவல்.

நீ மறுத்ததை மீசைக்காரரிடம் சொன்னேன். "துக்கத்துல அப்படித்தான் சொல்லுவாங்க, செலை முடிஞ்சு பார்த்தா மனசு மாறிடும்" என்று அவர் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டார். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ ஒருமுறை காபி வேண்டாம் என்று சொன்னதற்குப் பிறகு நான் ஏழு வருஷம் உனக்குக் காபி போட்டதில்லை.

படத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. சிற்பி ஒருவர், ஒல்லியாக, புருவமெல்லாம் கல்தூள், வாயே திறக்காமல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வாங்காமலே பார்த்தார்.

"இந்தம்மா யாரு?"

"அவரோட அக்கா. இங்கதான் வேலை."

"எலும்பு ஒண்ணாத்தான இருக்கும்" என்றார்.

சிரிக்காதே. உன் புருஷன் முகத்துக்கு நான்தான் உட்காருகிறேன். செவ்வாய், வியாழன், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து. தலைமுடியை முடிச்சுப் போட்டு அதன்மேல் ராணுவத் தொப்பி. முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு நானே எனக்குச் சலாம் வைத்தேன்.

அந்தப் பட்டறையை நீ பார்க்க வேண்டும். நீளமான தகரக் கொட்டகை. கூரையெல்லாம் ஓட்டை. வெயில் அதன் வழியாகக் கம்பு கம்பாக இறங்கி நிற்கிறது. தூள் அதில் ஏறுகிறது, இறங்குகிறது, தரைக்கு மட்டும் வருவதே இல்லை. கொட்டகையின் ஓரமாக நாலு கல் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். உடுப்பு, பொத்தான், பூட்ஸ் எல்லாம் முடிந்திருக்கிறது. தலை இருக்கும் இடத்தில் வெறும் உருண்டை. "ஒடம்பு எல்லா ஊருக்கும் ஒண்ணுதாம்மா. முன்கூட்டியே செஞ்சு வச்சுருவேன். மொகத்துக்குத்தான் ஆள் வரணும்" என்றார். நம்முடையது மூன்றாவது. மற்ற மூன்று பேரும் யார் முகத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த முகங்கள் இப்போது எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு இருக்குமே. அதற்கு மேல் நினைக்கவில்லை.

"தம்பிய நெனைச்சுக்கிட்டு உட்காருங்க" என்கிறார். உளி டிக் டிக் என்று அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் திறந்தபடியே தூக்கம் மாதிரி வருகிறது. போன வியாழக்கிழமை அப்படியே எழுந்து தெருவில் நடந்தேன். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டேதான். அவன் காலால் நடந்தேன். எவ்வளவு உயரம் தெரியுமா அது. தையல்காரி வகிட்டில் நரை தெரிந்தது. நம் வீட்டுக்குள் குனிந்து போனேன். அலமாரி மேல் அவ்வளவு தூசி. இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், ஒருநாள் வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறித் துடைத்தேன்.

மற்றது, நீ அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அதற்கு எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்தேன். வேறு என்னவெல்லாமோ வருகிறது. அது வரவில்லை.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அவருக்கு உங்கள் மூக்கு கிடையாது. உங்களுடையது நுனியில் கொஞ்சம் உருண்டை. அவருடையது நேராக இறங்கும். தாடை உங்கள் தாடைதான், ஒப்புக்கொள்கிறேன். இடது புருவம் வலதைவிட மேலே இருக்கும், எதையோ நம்பாதவர் மாதிரி. காது சின்னது. இதை நான் உதவி செய்வதற்காக எழுதவில்லை. தப்பாகச் செய்வதைப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

இங்கே சலவைக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் எதிரெதிராக நின்று ஈர விரிப்புகளை உதறி மடிப்போம். ஆவி எழும்பி, விரிப்பு நடுவில் வெள்ளையாகத் தொங்கும்போது எதிரில் இருப்பவள் தெரியமாட்டாள். அந்த ஒரு நொடியில் அந்தப் பக்கத்தைப் பிடித்திருப்பவர் அவர்தான் என்று தோன்றும். விரிப்பு இறங்கும். அவள் நிற்பாள். அடுத்த விரிப்பை எடுப்போம். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு.

நீங்கள் எழுத முடியவில்லை என்றால் நான் எழுதுகிறேன்.

லீவு முடிவதற்கு முதல் நாள் மத்தியானம். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் படுத்திருந்தோம். என் பக்கம் திரும்பினார். "எனக்குப் போக வேண்டாம்னு இருக்கு" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. "பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத. அக்காகிட்ட நானே கேக்குறேன். அக்கா இருடான்னா இருந்துடுவேன்" என்றார். அப்புறம் தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் உங்களிடம் வந்து கேட்டார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். பையைத் தூக்கிக்கொண்டார்.

ஒரு சொல்லுக்காக வந்து நின்றார், அண்ணி. நீங்கள் வேடிக்கை பண்ணி அனுப்பிவிட்டீர்கள். இப்போது அவரைக் கல்லில் செய்து, 'அஞ்சாத வீரன்' என்று எழுதப் போகிறார்களா?

புருவம் இடதுதான். அவர்களிடம் சரியாகச் சொல்லுங்கள்.


ஜூன் 11

அன்புள்ள மௌனச்சாமிக்கு,

முதலில் சிரிப்புச் செய்தி. அது எனக்குச் சுலபம்.

கல்லில் முகம் வந்துவிட்டது. சிற்பி மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ராணுவத் தொப்பி, உடுப்பு, இரண்டு காதிலும் தோடு குத்திய ஓட்டை. எனக்கு இருப்பதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு காதிலும் அச்சாக, நுனி உளியால் துளைத்திருக்கிறார். "என்னங்க, தோடு வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன். அந்த மனுஷன் என் காதைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மொகத்தையேதாம்மா பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் பாவம். பிறகு காது மடலைக் கீழே இழைத்து இழைத்து ஓட்டையைப் போக்கினார். காது சின்னதாகிவிட்டது. காது சின்னது என்று நீதான் எழுதியிருந்தாயே. புருவமும் சொன்னேன். மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நெட்டையனுக்கு என் மூக்கு.

சிரிப்பு முடிந்தது.

போன வாரம் மீசைக்காரரும் சங்கத்து ஆட்களும் பார்க்க வந்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் சொன்னார், "என்னய்யா இது, வீரன் மொகத்துல பயம் தெரியுது." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உதட்டைக் கொஞ்சம் இறுக்கு, கண்ணைக் கொஞ்சம் சுருக்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "கல்லுல எடுக்கத்தான் முடியும், வைக்க முடியாது. இந்தம்மா மொகத்துல இருந்ததைத்தான் எடுத்திருக்கேன்" என்றார் சிற்பி. மீசைக்காரருக்குக் கோபம். இந்தத் தலையை வெட்டிவிட்டு, வெறும் தூணும் மேலே ஒரு இரும்புத் தொப்பியும் வைத்துவிடலாம் என்கிறார். சிற்பி உளியைத் தர மாட்டேன் என்கிறார். அலுவலகத்தில் போய்க் கேட்டார்கள். இடம் மனைவி பேரில் இருப்பதால் அந்தம்மா எழுதிக் கொடுப்பதுதான் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை பத்தாம் தேதிக்குள். உன் பதில் வரவில்லை என்றால் உனக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுவார்கள்.

அந்தப் பயம் அங்கே எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

"தம்பியக் கடைசியா பார்த்தது எப்பவோ, அதை நெனைங்க" என்று சிற்பி சொன்னார். நான் நினைத்தேன்.

அன்று காலை நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான். "அக்கா, இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போகட்டுமா? காய்ச்சல்னு எழுதிப் போட்டா குடுப்பாங்க." திரும்பிப் பார்த்தேன். அரைகுறையாகப் பார்க்கவில்லை, முழுசாகப் பார்த்தேன். அவன் சின்ன வயசில் கிணற்றுக்குள் விழுந்து, வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தானே, அந்தப் பார்வை. நீ என்ன நினைத்திருக்கிறாய், எனக்குத் தெரியாமல் வேடிக்கை பண்ணினேன் என்று. தெரிந்தது, மௌனச்சாமி. தெரிந்ததும் எனக்கும் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் நான் என்ன செய்வேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றே வாசலில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்த கழுதை நான். வாய் தானாக ஓடிவிட்டது. "என்னடா நெட்டையா, உன் உயரத்துக்குப் பொண்டாட்டி முந்தானை பத்துமா?" என்றேன்.

இருடா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கும் அது சொல்ல வரும்.

பத்து நாள் கேட்டான். ஒன்பதாம் நாள் செத்தான். எனக்கு அந்த அளவுக்குக் கணக்குத் தெரியும்.

பட்டறையில் உட்கார்ந்தபோதெல்லாம் அந்த முகத்தைத்தான் நினைத்தேன். நினைத்து நினைத்து அது என் முகத்துக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து கல்லுக்குப் போய்விட்டது. இப்போது கண்ணை மூடினால் எனக்கு அவன் வருவதில்லை. கல் வருகிறது. என் மூக்கோடு வருகிறது. வெட்டச் சொல்வதென்றாலும் சொல். வேண்டுமென்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருமுறை நேரில் பார்.

அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

போன செவ்வாய்க்கிழமை வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

பட்டறையில் சிற்பி சாக்கை விலக்கிக் காட்டினார். நான் யார் என்று கேட்கவே இல்லை. ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நீங்கள் எழுதியது போலவே வெயில் கம்பு கம்பாக நின்றது. நான் பார்க்கப் பார்க்க அது நகர்ந்து அவர் தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. கண் வரைக்கும் வந்தபோது நான் எழுந்துவிட்டேன். கண் கூசும், திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். போய் வெயிலுக்குக் குறுக்கே கையை வைத்தேன்.

உங்கள் மூக்கு, உங்கள் தாடை. ஆனால் அண்ணி, அந்த மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே என் பக்கம் திரும்பிய முகம் அது. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன் என்று இரண்டு வருஷமாக வைத்திருந்தேன். என்னிடம் பதினான்கு படம் இருக்கிறது. பதினான்கிலும் சிரிக்கிறார். நீங்கள் எல்லாரும் அந்தச் சிரிப்புக்காரரைத்தான் புதைத்தீர்கள், நான் வேறொருவரைப் பறிகொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் வீட்டில் அழ எனக்குப் பிடிக்கவில்லை. ஆளே வேறு என்று இருந்தது.

நீங்களும் அவரைப் பார்த்திருக்கிறீர்கள்.

பார்த்தும் சிரித்தீர்கள் என்பது இன்னும் மோசம். அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது. 'போகாதீங்க' என்று முந்தின நாளே நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது அக்காவை, என்னை இல்லையே என்று ஒரு ரோஷம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அங்கிருந்து சங்கத்துக்குப் போனேன். உங்கள் மீசைக்காரர் நாற்காலி போட்டார்.

"வெட்டக் கூடாது" என்றேன்.

"இல்லம்மா, பார்க்கிறவங்க என்ன நெனைப்பாங்க? பயந்த மாதிரி இருக்கே."

"பயந்தாருங்க."

"அது... நாம அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

"பயந்துக்கிட்டேதான் போனார். பயமே இல்லாம போயிருந்தா அதுல என்னங்க இருக்கு, செலை வைக்க?"

நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "டீ சாப்பிட்டியாம்மா?" என்றார். சிலை வைக்கச் சம்மதம், ஆனால் முகத்தில் உளி படக் கூடாது, 'அஞ்சாத' என்ற சொல் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பேரும் ஊரும் தேதியும் மட்டும் போதும். வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக் கதவு வரை வந்தேன். நீங்கள் ஏழாம் வரிசையில் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள், நடுநடுவே நிறுத்தி, பதிலுக்கு இடம் விட்டு. நான் உள்ளே வரவில்லை. வந்திருந்தால் நீங்கள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருப்பீர்கள். அன்று அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

திறப்புக்கு வரமாட்டேன். அதற்குப் பிறகு ஒருநாள், கூட்டமில்லாமல்.


செப்டம்பர் 3

அன்புள்ள மௌனச்சாமிக்கு,

திறப்பு முடிந்தது. மீசைக்காரர் பேசினார். எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "நம்ம ஊர்க்காரன். போனான். திரும்பி வரல" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் பேசுவார் என்று ஜனங்கள் விசிறியெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். தையல்காரி சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம், "ஏங்க்கா, நீங்க எப்ப ராணுவத்துக்குப் போனீங்க?" என்றாள். ஊரில் எனக்கு ஒரு போட்டி உருவாகிறது.

நீ கதவு வரை வந்து திரும்பியதைப் படித்து இரண்டு நாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். உனக்குத் தோன்றும்போது வா.

காலையில் அங்கே பனி இறங்கும்போது பூட்ஸும் பீடமும் தெரிவதில்லை. முகம் மட்டும் மிதக்கிறது. என் மூக்கு என்று முதலில் தோன்றும். பனி கலையக் கலைய அவனாகிவிடுவான். வெயில் ஏறினால் கல். அந்தக் கால் மணி நேரத்துக்காக இப்போதெல்லாம் சீக்கிரம் போகிறேன்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

நேற்று மத்தியானம் ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். ராணுவத்துப் பை, அடியோடு வெட்டிய முடி. லீவு முடிந்து திரும்புகிறவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. பையைக் கீழே வைக்காமல் சிலைக்கு முன்னால் நின்றான். நான் கூட்டிக்கொண்டே பக்கத்தில் போனேன். நகரவில்லை.

"யாருங்க இவரு?"

"என் தம்பி."

பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டான், "ஏன் இப்படிப் பார்க்கிறாரு?"

என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, மௌனச்சாமி. உன் தலைமுடியைப் பார்த்துத்தான் பயப்படுகிறான் என்று. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அது எவ்வளவு பெரிய உருண்டை என்று உனக்குத் தெரியும்.

"பயம்" என்றேன். "போறதுக்கு முன்னாடி பயந்தான். எங்கிட்டதான் வந்து சொன்னான். நான் காது குடுத்துக் கேக்கல."

அவன் என்னைப் பார்த்தான். சிலையைப் பார்த்தான். பையை மெதுவாகக் கீழே வைத்தான். குழாய்த் திண்டில் உட்கார்ந்தான். நானும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"உனக்கு எத்தனை மணிக்குப்பா வண்டி?"

"நாலு மணி பஸ்ஸு. அதைப் பிடிச்சாத்தான் ராத்திரி ரயிலு."

"வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா. சொல்லிட்டு வந்துட்டேன். சிரிச்சிக்கிட்டுதான் வந்தேன்." குழாயைத் திறந்தான், மூடினான். "எனக்கும், அக்கா..." என்று ஆரம்பித்தான். நிறுத்திவிட்டான்.

நான் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. சொல்லு என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எப்படி என்று உன்னிடம் ஏழு வருஷம் பார்த்திருக்கிறேனே, அதை வைத்துச் சமாளித்தேன்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். எங்கெங்கோ போய், நின்று, மறுபடி ஆரம்பித்து. என்ன சொன்னான் என்பது அவனுடையது, எழுதமாட்டேன். சிலையின் நிழல் எங்கள் இரண்டு பேர் காலையும் தாண்டி மதிலில் ஏறியது.

மதிலுக்கு வெளியே நாலு மணி பஸ் வந்து நின்றது கேட்டது. கண்டக்டர் இரண்டு தரம் விசில் அடித்தார். அவன் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

"இருப்பா" என்றேன்.

பஸ் கிளம்பிப் போகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து முடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

உன் அண்ணி